மழை இல்லாத ஊரில் வந்த வெள்ளம்

 

வெள்ளம் என்றதும் நாம் நமது தலைக்கு மேலுள்ள வானத்தையே பார்க்கின்றோம். அது போதாது என்பதை, முஸ்லிம்கள் முன்னர் பலன்ஸியா என அழைத்த ஸ்பெயினின் வலென்சியாப் பிரதேசம் 2024 ஒக்டோபர் 29ஆம் திகதி உணர்த்தியது.

அன்று வடக்கிலிருந்து பிரிந்து வந்த கடுங்குளிர்க் காற்றுத் திரளொன்று ஸ்பெயினின் தென்புறத்தே, வளிமண்டலத்தின் உயரத்தில் தங்கி நின்றது. கீழேயோ, கோடையின் வெப்பம் தணியாத மத்தியதரைக் கடல் நீராவியை வாரி வழங்கியது. கிழக்கிலிருந்து வீசிய காற்று அந்த ஈரத்தைக் கரையோர மலைகளில் மோதச் செய்தது. மேலே குளிர், கீழே வெப்பம். ஆதலால் ஈரக்காற்று விரைந்தெழுந்து, மழைமுகில்கள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் உருவாகின. தூரிஸ் என்னும் ஊரில் 24 மணித்தியாலத்தில் 771.8 மில்லிமீற்றர் மழை கொட்டியது. காற்று 1 பாகை செல்சியஸ் வெப்பமடைந்தால், அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அந்த நீர், வரண்டு கிடந்த ஓடைகள் வழியே கடலோரச் சமவெளிக்குப் பாய்ந்தது. பைப்போர்த்தா நகரில் அப்போது மழையே இல்லை எனலாம். வாகனத்தைக் காக்க நிலக்கீழ்த் தரிப்பிடங்களுக்கு இறங்கியோர் பலர் மீளவில்லை. கைத்தொலைபேசிகளுக்கு எச்சரிக்கை வந்தபோது இரவு 8.11 மணி, அதற்குள் வெள்ளம் பல ஊர்களை மூடியிருந்தது. 220க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

இளைஞர்களே! வாகனத்தை மீண்டும் வாங்கலாம், உயிரோ அமானிதம். மலைப்பக்கம் கடும் மழை என்று கேள்வியுற்றால், கீழே இறங்காது மேலே செல்லுங்கள். பெற்றோர்களே! எந்த மேட்டுக்கு, எவர் வீட்டு மாடிக்குச் செல்வது என்பதை வெயில் காயும் நாளிலேயே பிள்ளைகளுடன் பேசி முடிவு செய்யுங்கள்.