கைக்கு எட்டாத சென்சார்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் காடியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். வெளியே நிற்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். இஸ்வாரா, வீரா, வாஜா, கஞ்சில். பாதிக்கு மேல் இருபது வயதைத் தாண்டியவை. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவருவதும், பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அந்தக் காடிதான். அது ரோட்டில் நின்றால் அன்றைய சம்பளமும் நின்றுபோகும். ஆகவே பேசத்தான் வேண்டும்.

நம் அலோர் ஸ்டாரில் பிறந்த துன் மகாதீர் பிரதமராக இருந்தபோது, 1983இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985 ஜூலையில் முதல் சாகா வெளிவந்தது. அதில் கார்புரேட்டர், காதாலும் மூக்காலுமே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். 2000இல் வந்த வாஜா அப்படியல்ல. அதன் 1.6 இன்ஜின் மிட்சுபிஷியின் 4ஜி18. பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரு கணினிப் பெட்டி கவனிக்கிறது. அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது என்று அதற்குச் சொல்வது கிராங்க் சென்சார். கிராங்க்கோடு சுற்றும் ஒரு தகட்டின் வெட்டுகள் அருகில் கடக்கும்போதெல்லாம் அது சிறு மின் சைகை அனுப்பும். சைகை நின்றால் தீப்பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. மணி அடிக்கிறவர் மயங்கிவிட்டால் எந்த வகுப்பும் தொடங்காது அல்லவா, அந்தக் கதைதான்.

இந்தச் சென்சார் சாகிற விதம் ஆளை ஏமாற்றும். காலையில் இன்ஜின் ஒழுங்காகப் பிடிக்கும். குரூண் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது, நல்ல வெயிலில், பொட்டென்று அணைந்துவிடும். அரைமணி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல் மறுபடி பிடிக்கும். சூட்டில் உள்ளே தொடர்பு விட்டுப்போய், ஆறியதும் கூடிக்கொள்வதுதான் காரணம். ஓடும்போது இன்ஜின் நின்றால் ஸ்டீரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் விசை ஓரிரு மிதிக்குத்தான் மிஞ்சியிருக்கும். பயந்துபோய் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம், அம்மாமார்களும்தான்.

இனி வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் சாமான் வாங்க ஓடாதீர்கள். பெட்ரோல் பம்பை மாற்று, பிளக்கை மாற்று, காயிலை மாற்று என்று நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாம் மாற்றி முடிந்தபின் காடி அதே இடத்தில் நிற்கும். இன்ஜின் அணைந்து கிடக்கிற அந்த நேரத்திலேயே சோதியுங்கள். ஆறிவிட்டால் சாட்சி போய்விடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது தீப்பொறியும் இல்லை, பெட்ரோல் தெளிப்பும் இல்லை, சுழற்சி காட்டும் முள்ளும் அசையவில்லை என்றால் சந்தேகம் சென்சார் மேல் விழும். ஸ்கேனரில் பி0335 என்ற எண் வந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் எல்லா ஸ்கேனரும் பழைய காடியோடு பேசாது. அந்த எண்ணும் வயர் அறுந்திருந்தால்கூட வரும். ஆகவே சாக்கெட்டைப் பிரித்து எண்ணெய், துரு, தேய்ந்த வயர் இருக்கிறதா பாருங்கள். இரண்டு வயர் சென்சாரை மீட்டரில் ஓம் வைத்துப் பார்க்கலாம். மூன்று வயர் வகைக்கு அந்தச் சோதனை பொருந்தாது.

வீராவின் 1.5 இன்ஜெக்ஷன் வகையில் இந்த வேலையைச் செய்யும் சென்சார் டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்தாலே கை எட்டும். வாஜாவின் 4ஜி18இல் அது டைமிங் பெல்ட்டின் கீழ் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சென்சாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் சின்னவை. அவற்றை அடைய அந்தப் பக்கத்துச் சக்கரம், பெல்ட்டுகள், கிராங்க் புல்லி, மூடி எல்லாம் கழல வேண்டும்.

இந்த இடத்தில்தான் உயிர் விஷயம் வருகிறது. மழை பெய்து ஊறிய லயத்து மண்ணில் ஜாக்கி வைக்காதீர்கள். சிமெண்டுத் தரை வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. செங்கல், ஓட்டைக் கல் எல்லாம் திடீரென்று நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைக் காடிக்கு அடியில் படுக்க வையுங்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிள்ளைகள் டார்ச் பிடிக்கலாம், எட்டி நின்று.

புல்லி போல்ட்டு லேசில் அசையாது. ஸ்பேனரை முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றித் தளர்த்துகிற வித்தையைச் சிலர் காட்டுவார்கள். ஸ்பேனர் எகிறினால் பல்லோ கண்ணோ போகும். புல்லியைப் பிடிக்கும் கருவி இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு ஃபோர்மனிடம் போங்கள். டைமிங் பெல்ட்டைத் தளர்த்தவேண்டி வந்தாலும், இன்ஜின் மவுண்டைக் கழற்ற வேண்டியிருந்தாலும் அப்படியே. ஒரு பல் தவறிப் பூட்டினால் இன்ஜின் சரியாக ஓடாது. அதிகம் தவறினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். மிச்சப்படுத்திய கூலி போல பல மடங்கு போய்விடும்.

மூடி திறந்தபின் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அந்தச் சீலையும், எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது லாபம். கூலி ஒன்றுதான். பொட்டோங் கடைச் சென்சாரை மட்டும் நான் வாங்கமாட்டேன். கதவு, கண்ணாடி என்றால் சரி. இதுவும் அதே அளவு சூட்டைத் தின்று கிழண்டது. புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்ச் சாக்கெட்டும் எண்ணும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பூட்டும்போது வயரைப் பழைய வழியிலேயே, பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். பெல்ட்டில் உரசினால் ஒரே வாரத்தில் அறுந்துவிடும். இன்ஜின் பிடித்ததும் நேரே பினாங்குக்குக் கிளம்பிவிடாமல், பக்கத்து ரோட்டில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். ஆறவிட்டு இன்னொரு தரம் ஓட்டுங்கள். சூட்டில் செத்தது சூட்டில்தானே பிழைக்க வேண்டும்.

கழற்றிய பழைய சென்சாரை எறிந்துவிடாதீர்கள். அதன் முனையில் ஒரு குண்டூசியை வைக்கச் சொல்லுங்கள் பிள்ளையிடம். பெரும்பாலானவற்றில் ஒட்டும், உள்ளே காந்தம் இருக்கிறது. திங்கட்கிழமை அறிவியல் ஆசிரியரிடம் காட்டட்டும்.