விசிறி சுற்றினால் போதுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மயிலாப்பூரில் என் மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கட்டட வடிவமைப்புக் கணக்குகளுக்காக ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து, பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டியது. அதைக் குளிர வைப்பது தண்ணீர். "கம்ப்யூட்டருக்குள்ள தண்ணியா? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று வீட்டில் கேட்டார்கள். கார் என்ஜின் மாதிரிதான். சிப்பின் சூட்டை ஒரு செம்புக் கட்டை தண்ணீருக்குக் கொடுக்கும். பம்ப் அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் தள்ளும். விசிறிகள் சூட்டை அறைக்குள் ஊதிவிடும்.

ஒரு கத்திரி வெயில் காலம். மறுநாள் வேலையை ஒப்படைக்க வேண்டும். இரவு கணக்கை ஓடவிட்டேன். விசிறிகள் முழு வேகத்தில் இரைந்தன. 'சரி, நன்றாக வேலை செய்கிறது' என்று தூங்கிவிட்டேன். காலையில் மெஷின் அணைந்து கிடந்தது. ராத்திரி முழுக்கப் போட்ட கணக்கு போச்சு. வேலை ஒரு நாள் தாமதம். வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நடந்தது இதுதான். சத்தம் குறையட்டும் என்று பம்பின் வேகத்தை மிகவும் குறைத்து வைத்திருந்தேன். அது நின்றது, திரும்பக் கிளம்பவில்லை. சிப்பைச் சுற்றி வெந்நீர் தேங்கியது. விசிறிகளோ ஆறிப்போன ரேடியேட்டருக்கு விழுந்து விழுந்து வீசின. பம்ப் நின்றால் எச்சரிக்கும் வசதி போர்டில் உண்டு. தினமும் சும்மா கத்துகிறதே என்று அதை அணைத்து வைத்த புண்ணியவானும் நானே.

அதற்குப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சிப்பின் சூடு 300 வாட் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால், சிப்பைக் கடக்கையில் தண்ணீர் சுமார் 4.3 டிகிரி சூடேறும். 4 லிட்டர் ஓடினால் 1.1 டிகிரி. அதற்கு மேல் விரட்டினால் சத்தம்தான் மிச்சம். ஆகவே பம்புக்கு நடுத்தரமாக ஒரே வேகம் வைத்து, அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

ஏற்றி இறக்க வேண்டியது விசிறியைத்தான். வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். ஆனால் இழுக்கும் மின்சக்தி எட்டில் ஒரு பங்காகும். மெக்கானிக்கல்காரர்களுக்கு இது நினைவிருக்கும். சத்தமும் சுமார் 15 டெசிபல் இறங்கும்.

எதைப் பார்த்து ஏற்றி இறக்குவது? சிப்பின் சூடு நொடியில் 20 டிகிரி எகிறும், நொடியில் இறங்கும். அதைப் பின்பற்றினால் விசிறி பேய் பிடித்த மாதிரி ஊளையிடும். தண்ணீர் நிதானம். 300 வாட் சூட்டில் 1 லிட்டர் தண்ணீர் 1 டிகிரி ஏற 14 நொடி ஆகும்.

தண்ணீரின் சூடு மட்டும் போதுமா என்றால், நம் ஊரில் போதாது. குளிர் நாட்டுக்காரர், தண்ணீர் 40 டிகிரி ஆனால் முழு வேகம் என்பார். நம்முடையது 2003 மே 31-ல் 45 டிகிரி கொளுத்திய ஊர். என் மாடி அறையே கத்திரியில் 37 காட்டும். ரேடியேட்டரால் தண்ணீரை அறைக் காற்றுக்குக் கீழே குளிர்விக்க முடியாது. பிறகு முழு வேகத்தில் சுற்றி என்ன பயன்?

இரண்டு தெர்மிஸ்டர் வாங்கினேன். ஒன்று தண்ணீரில், ஒன்று ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றில். வித்தியாசம் 5 டிகிரி என்றால் விசிறி மெதுவாகச் சுற்றும். 12 ஆனால் முழு வேகம். தண்ணீர் 55-ஐத் தொட்டால் மெஷினே அணைந்துவிடும். பல பம்புகளுக்கு 60 டிகிரிதான் எல்லை. பம்ப் நின்றால் இந்தத் தெர்மிஸ்டருக்கும் தெரியாது. அதனால் அந்த எச்சரிக்கையைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் எந்த இயந்திரத்தைக் கட்டினாலும் சரி, அது கத்துகிறதே என்று வாயை அடைக்காதீர்கள். ஏன் கத்துகிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.