விளையாட்டும் சுயமரியாதையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்க தேசத்துக் கூடைப்பந்து ஆட்டக்காரரான பில் ரஸ்ஸல் என்பவரைப் பற்றியதாகும். பந்தாட்டக்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். முடிவுவரை கேட்டால் சம்பந்தம் தானாகவே விளங்கும்.

ரஸ்ஸல் 1934-ம் வருஷம் லூயிசியானா மாகாணத்தில் மன்றோ என்னும் ஊரில் ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்தார். கறுப்பருக்கு வேறு பள்ளிக்கூடம், வெள்ளையருக்கு வேறு பள்ளிக்கூடம் என்று அங்கு அக்காலத்தில் சட்டமே பிரித்து வைத்திருந்தது. பிறகு அக்குடும்பம் கலிபோர்னியாவிலுள்ள ஓக்லண்டு நகருக்குக் குடிபோயிற்று. 12-வது வயதில் தாயாரையும் இழந்தார். அப்படிப்பட்ட பிள்ளை 1955, 1956 ஆகிய இரண்டு வருஷங்களிலும் சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலைக் கோஷ்டிக்குத் தேசிய வெற்றியைத் தேடித் தந்தார். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். அதன்பின் பாஸ்டன் செல்டிக்ஸ் கோஷ்டியில் சம்பளத்துக்கு ஆடினார். அவர் ஆடிய 13 பருவங்களில் அக்கோஷ்டி 11 தடவை முதற்பரிசு பெற்றது. ஐந்து தடவை அவரே சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் ஆடிய விதத்தையும் கவனியுங்கள். எதிரி கூடையை நோக்கி எறியும் பந்தைத் தடுப்பார். தடுத்ததோடு அதை வெளியே அடித்துவிடாமல், தம் தோழர் கைக்குப் போகும்படி தட்டிவிடுவார். தமக்குப் பேர் வருவதைவிடத் தம் கோஷ்டி ஜெயிப்பதே அவருக்குப் பெரிதாயிருந்தது.

இவ்வளவு யோக்கியதை உள்ளவருக்கு அந்நாட்டார் என்ன மரியாதை செய்தார்கள்? 1961-ல் கென்டக்கி மாகாணத்து லெக்சிங்டன் நகருக்கு அவர்கள் ஆடப் போனார்கள். ஆட்டத்துக்கு முன் பசியாற ஓட்டலில் உட்கார்ந்த கறுப்பு ஆட்டக்காரர்களுக்கு, நிறத்தைக் காட்டிச் சாப்பாடு மறுக்கப்பட்டது. இவர்கள் ஆடுவதைப் பார்க்கப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்குவார்களாம். இவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு மட்டும் போடமாட்டார்களாம்! இந்த நியாயத்தை எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்கிறோம்.

ரஸ்ஸல் என்ன செய்தார்? கெஞ்சினாரா? பின்வாசல் வழியாகச் சாப்பாடு வாங்கினாரா? இல்லை. கோஷ்டியின் பயிற்சித் தலைவர் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், மற்றக் கறுப்புத் தோழர்களுடன் ஆகாய விமானமேறி ஊர் திரும்பிவிட்டார். எதிர்க் கோஷ்டியிலிருந்த கறுப்பரும் ஆடவில்லை. அன்று வெள்ளையர் மட்டுமே ஆடினார்கள்.

சொந்த ஊரிலாவது நிம்மதி உண்டா? பாஸ்டனுக்கு அடுத்த ரெடிங் என்ற ஊரில் அவர் வீட்டுக்குள் யாரோ புகுந்து, பரிசுகளை உடைத்து, சுவரில் வசைமொழி எழுதி, படுக்கையில் மலத்தைப் போட்டுச் சென்றார்கள். அந்தப் பாஸ்டனுக்குத்தான் இவர் பரிசுமேல் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார்!

கறுப்பனுக்கு உடல் பலம் உண்டு, தலைமை வகிக்கும் புத்தி கிடையாது என்று பேசிவந்தார்கள். 1966-ல் அவரே கோஷ்டிக்குப் பயிற்சித் தலைவரானார். அந்தப் பந்தயச் சங்கத்தில் அப்பதவி வகித்த முதல் கறுப்பர் அவர்தான். ஆடிக்கொண்டே தலைமையும் வகித்து, 1968, 1969 வருஷங்களில் ஜெயித்தும் காட்டினார். பிறவி வித்தியாசம் பேசினவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

1975-ல் பெரும் ஆட்டக்காரர்களின் கீர்த்தி மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். சடங்குக்கு அவர் போகவில்லை. தமக்கு முன் ஆடிய கறுப்பருக்கே அந்த மரியாதை முதலில் சேரவேண்டும் என்பது அவர் எண்ணம். 1950-ல் வழிதிறந்தவர்களில் ஒருவரான சக் கூப்பருக்கு 2019-ல் அது கிடைத்த பிறகே, தமக்குரிய மோதிரத்தை வாங்கிக்கொண்டார். 2022-ல், 88-வது வயதில் காலமானார்.

தோழர்களே! கைதட்டு வேறு, சமத்துவம் வேறு. நம் திறமையை மெச்சுகிறவன் நம்மோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட மறுத்தால், அந்த மெச்சுதல் வேலைக்காரனுக்குப் போடும் பிச்சையேயாகும். அதை வேண்டாமென்று எழுந்து வரத் துணிந்தவரே மனிதர். ரஸ்ஸல் பெற்ற 11 வெற்றிகளைவிட, லெக்சிங்டனில் அவர் ஆடாமல் விட்ட ஓர் ஆட்டமே பெரிய வெற்றி என்பது நமது அபிப்பிராயம்.