தகரக் கூரையும் அடிமனையும்

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020 ஜனவரி 19 அன்று பெங்களூரு பெள்ளந்தூரை அடுத்த கரியம்மன அக்ரஹாராவில் தொழிலாளர்களின் தகர, தார்ப்பாய்க் குடிசைகள் இடித்துத் தள்ளப்பட்டன. அங்கே வசித்தவர்கள் வட கர்நாடகத்திலிருந்தும் அஸ்ஸாம், திரிபுரா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். வீட்டுவேலை, காவல், துப்புரவு, கட்டுமானம் ஆகிய வேலைகளைச் செய்தவர்கள். அதற்கு ஒரு வாரம் முன்னர்தான், அப்பகுதியின் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் அரவிந்த் லிம்பாவளி, அங்கு வங்கதேசத்தவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதாகக் கூறும் காணொலி ஒன்றைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டிருந்தார். ஆதார் அட்டையும் வாக்காளர் அட்டையும் எடுத்துக் காட்டியவர்களின் குடிசைகளும் தப்பவில்லை.

இதன் பின்னிருந்த மதவெறி அரசியலைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பேசப்படாமற்போன செய்தி ஒன்று உண்டு. அந்த நிலம் அரசுப் புறம்போக்கு அன்று, தனியார் மனை. அங்கிருந்தோர் வாடகை கொடுத்து வாழ்ந்தவர்கள். ஆனால் காலி செய்யச் சொல்லும் காவல்துறையின் நோட்டீஸ் நில உரிமையாளரின் பெயருக்கே சென்றது. குடியிருப்போரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த பொதுநல வழக்கில், ஜனவரி 22 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிப்ரவரியில், தலைமை நீதிபதி அபய் ஓகா தலைமையிலான அமர்வு, காவல்துறையின் செயல் சட்டவிரோதமானது என்று கூறி, மறுவாழ்வுக்கான பொறுப்பை அரசின் மீது சுமத்தியது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது அரசின் அத்துமீறலுக்கு எதிரான தீர்ப்பு. நாளை அதே மனையின் உரிமையாளர், அடுக்குமாடிக் கட்டடம் வரப்போகிறது, ஷெட்டைப் பிரித்துக்கொண்டு போங்கள் என்று சொன்னால் என்ன செய்வது? அதற்கு அத்தீர்ப்பில் விடை இல்லை.

பெங்களூருவின் இத்தகைய ஷெட்டுகள் பலவற்றில் மாத வாடகை தரைக்கு மட்டுமே. கம்பும் தகரமும் தார்ப்பாயும் குடியிருப்பவரே வாங்கியவை. தமிழில் இதற்கு அடிமனை வாடகை என்ற பழைய பெயர் உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, குத்தகைதாரர் தாம் கட்டியதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். அவ்வளவுதான். பிரித்த சுவரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது சட்டத்தின் கவலையன்று.

இந்த அநீதியை நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு சட்டம் கண்டுகொண்டது. 1921ஆம் ஆண்டுச் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் குறிப்பிடுகிறோம். நிலத்தின் விலை ஏறியதும், பிறர் மனையில் வீடு கட்டி வாழ்ந்தவர்களை உரிமையாளர்கள் வெளியேற்ற முனைந்த காலம் அது. வெளியேற்றினால் கட்டடத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது சட்டம். அதற்கும் மேலே ஒருபடி சென்று, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அடிமனையைத் தமக்கே விற்கும்படி கோரும் உரிமையைக் குடியிருப்பவருக்கு அளித்தது. வெள்ளையர் ஆட்சிக் காலத்துச் சட்டமன்றம் இதைச் செய்தது என்பது இன்றைய ஆட்சியாளர்களுக்கு வெட்கமளிக்க வேண்டும். பின்னாளில் அதன் எல்லை சுருங்கியது. 1996இல் சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கோயில் மனைகளில் தலைமுறைகளாக வாழும் ஏழைகள் இன்று தமிழ்நாட்டில் போராடுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கர்நாடகத்தில், தேவராஜ் அர்ஸ் காலத்து நிலச் சீர்திருத்தத்தின் முழக்கம் உழுபவனே நிலத்துக்கு உடையவன் என்பது. 2017இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வசிப்பவனே வீட்டுக்கு உடையவன் என்ற முழக்கத்தை அதனுடன் சேர்த்தது. லம்பாணித் தாண்டாக்களும் கொல்லரஹட்டிகளும் பயன்பெற்றன. தலைநகரின் ஷெட்டுகளை அது தொடவில்லை. 1973ஆம் ஆண்டுக் குடிசைப்பகுதிச் சட்டத்தின் பாதுகாப்போ, குடிசைப்பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டுமே.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய 2 கோடிப் பேர், தொழிற்சாலையில் செய்து இழுத்துவரப்பட்ட வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு வீடு சொந்தம்; தரை, வளாக முதலாளிக்குச் சொந்தம். நகரும் வீடு என்று பெயர். நகர்த்தும் செலவைத் தாங்க முடியாததால் அது நகர்வதேயில்லை. இதை அறிந்தே முதலாளி மனை வாடகையை ஏற்றுகிறார். கலிஃபோர்னியாவின் 1978ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட காரணங்களின்றி வெளியேற்றக் கூடாது என்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் 1984 முதல், குடியிருப்போர் கூட்டுறவு அமைத்து வளாகத்தையே வாங்கிவருகிறார்கள்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சிறு வீட்டுக்குச் சொந்தக்காரனாக்கினால் தொழிலாளியின் துயர் தீரும் என்ற புரூதோனிய வாதத்தை 1872இல் எங்கெல்ஸ் மறுத்தாரே, நாம் அதையே கேட்கலாமா? சொந்த வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போட்டுக் குறைந்த கூலிக்குப் பணியவைக்கும் என்றார் எங்கெல்ஸ். ஷெட்டில் வாழ்பவர் இந்தத் தீமையை அனுபவிக்கிறார். சொந்த வீட்டின் நன்மையோ அவருக்கு இல்லை. சேமிப்பு முழுவதும் கூரையில் முடங்கியதால் வாடகை ஏறினாலும் போக முடியாது. ஆனால் எந்நாளும் விரட்டப்படலாம். ஆகவே நமது கோரிக்கை பட்டா மட்டுமன்று. நோட்டீஸ் குடியிருப்பவரின் பெயருக்கு வர வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மாற்றிடமின்றி வெளியேற்றக் கூடாது. கட்டியதற்கு இழப்பீடு வேண்டும். தனியார் மனையிலுள்ள ஷெட்டுகளும் குடிசைப்பகுதிகளாக அறிவிக்கப்பட வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து கட்டட வேலை செய்யும் நம் மக்களும் இவ்வாறே வாழ்கிறார்கள். ரேஷன் அட்டை ஊரில் இருக்கிறது. வாடகை, மேஸ்திரி கையில் ரொக்கமாகப் போகிறது, ரசீது இல்லை. நீதிமன்றத்தில் இவர்கள் அங்கே வாழ்ந்ததாகவே மெய்ப்பிக்க முடியாது. வாடகையைக் கைப்பேசி வழியே செலுத்தச் செய்வது, ஒவ்வொரு ஷெட்டையும் தேதியோடு படமெடுப்பது, குடும்பத்தினரின் பெயர்ப்பட்டியல் எழுதுவது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, அங்கன்வாடிப் பதிவு ஆகியவற்றின் நகல்களைத் திரட்டுவது ஆகியவை கிளைகளின் வேலை. பெங்களூரு ஷெட்டுகளில் கன்னடமும் வங்காளமும் பேசுவோரை விட்டுவிட்டுத் தமிழருக்கு மட்டும் பட்டியல் எழுதுவது நம் வேலையன்று.

நோட்டீஸ் வந்த பிறகு இதற்கு நேரம் இராது. கரியம்மன அக்ரஹாராவில் அந்தக் காணொலிக்கும் இடிப்புக்கும் இடையே இருந்தவை ஏழே நாட்கள்.