தெரியாத காரணமும் இல்லாத காரணமும்

பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே! அசைவுக் கோளாறுகளை ஆராய்வதிலும் அவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதிலும் வாழ்நாளைச் செலவிட்ட லண்டன் நரம்பியல் மருத்துவர் டேவிட் மார்ஸ்டனை (1938–1998) இன்று நினைவுகூர விரும்புகிறேன். 34 வயதில் பேராசிரியரானவர். அமெரிக்காவின் ஸ்டான்லி ஃபானுடன் சேர்ந்து இத்துறைக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கியவர். பெருமைகளை அடுக்கிக்கொண்டே போகலாம், அதற்கு வேறு மேடைகள் உண்டு. பரிசோதனையில் ஒன்றும் அகப்படாதபோது நோயாளியை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் தந்த விடையைத்தான் இங்கே பேச வேண்டும்.

பேனாவைப் பிடித்ததும் ஒருவருக்கு விரல்கள் இறுகுகின்றன, மணிக்கட்டு வளைகிறது, ஒரு வரி முடிவதற்குள் எழுத்து கோணிப்போகிறது. அதே கை சட்டைப் பொத்தானைச் சுளுவாகப் போடுகிறது. இன்னொருவருக்குக் கழுத்து ஒருபக்கமாகத் திருகிக்கொள்கிறது. தாடையை விரலால் தொட்டால் நேராகிவிடுகிறது. வேறு சிலருக்கு இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் மனசுதான் காரணம் என்றே மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அவர்களை விவரமற்றவர்கள் என்று ஒதுக்க முடியாது. விரல் பட்டதும் நேராகிற கழுத்தில் நோய் எங்கே என்று கேட்கத்தான் தோன்றும். இறந்தவரின் மூளையை ஆராய்ந்தாலும் சிதைவு தென்படவில்லை.

மார்ஸ்டன் 1970களில் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சிறுவர்களின் உடல் முழுவதையும் முறுக்கும் டிஸ்டோனியா, மூளை நோய் என்று பலரும் ஏற்றுக்கொண்ட ஒன்று. அதுவும் பல சமயம் நடக்கும்போது மட்டும் திரும்பிக்கொள்ளும் ஒற்றைப் பாதத்தில்தான் தொடங்குகிறது. இமை மூடும் நோயாளிகள் சிலருக்குத் தாடையும் கழுத்தும் பின்னர் இழுத்துக்கொள்கின்றன. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா உட்கொள்பவர்களிடமும் இதே முறுக்கல் வருகிறது. ஒரு மருந்து உண்டாக்கக்கூடிய அசைவை வெறும் மனக்குழப்பம் என்பது எப்படி? 1982இல் மார்ஸ்டனும் அவருடைய சக ஆய்வாளர் ஷீஹியும், எழுதும்போது கை இறுகும் ‘எழுத்தாளர் பிடிப்பு’ உள்ளவர்களை முறைப்படி மனநலப் பரிசோதனை செய்தபோது, மற்றவர்களைவிட அவர்களிடம் மனநலக் கோளாறு கூடுதலாக இல்லை என்று கண்டார்கள். இவை ஒரே நோயின் பல உருவங்கள் என்ற அவர் முடிவு இப்படித்தான் வலுப்பெற்றது. சிறுவயது டிஸ்டோனியாவுக்குக் காரணமான மரபணு ஒன்று 1997இல் கண்டறியப்பட்டது. இமை, கழுத்து நோயாளிகளுக்கு போட்டுலினம் ஊசி இன்று வழக்கமான சிகிச்சை.

அப்படியானால் மனம் சார்ந்த அசைவுக் கோளாறே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, ஹிஸ்டீரியா பற்றி மார்ஸ்டனே எழுதியிருக்கிறார். கவனம் வேறு பக்கம் போனதும் நடுக்கம் நின்றுவிடுவதுபோல அதற்கென்று அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டு சொல்வது நோயறிதல். ஸ்கேன் நார்மல், அதனால் மனசு என்பது வெறும் ஊகம். அந்த ஊகத்தின் விலையை நோயாளி ஆண்டுக்கணக்கில் கட்டுகிறார். தவிர, மனம் சார்ந்ததே என்று உறுதியானாலும் அவர் படும் அவதி பொய்யாகிவிடுவதில்லை.

நெரிசலான ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது உங்களில் பலரின் மனதில் ஓடும். நியாயமான கவலைதான். ஆனால் மார்ஸ்டன் சேர்த்துவைத்த சான்றுகளில் பெரும்பகுதி விலையுயர்ந்த கருவி எதிலிருந்தும் வந்ததல்ல. கை இழுக்கிறது என்று வருபவரிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, நான்கு வரி எழுதச் சொல்லிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.