வேப்பமரப் பூஞ்சையும் கடற்பசுவும்



இன்று இரண்டு உயிர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. இன்னொன்று, 400 கிலோ வரை எடையுள்ள கடற்பசு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாளே என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தெலங்கானா முழுவதும் வேப்பமரங்கள் கருகின. நம் ஐதராபாத்தும் தப்பவில்லை. நாச்சாரத்தில் பல் துலக்கக் குச்சி ஒடிக்கவும் பயந்தோம்.

காரணம் என்ன? தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி. பெயர்தான் கொசு. நம்மைக் கடிக்காது. இளந்தளிரில் குத்திச் சாறு உறிஞ்சும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை நுழையும். பழைய ரொட்டியில் பூசணம் பிடிக்கிறது அல்லவா? அதுவும் ஒரு பூஞ்சைதான். வேம்பில் பிடிக்கும் பூஞ்சை, கிளையை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய வைக்கும். காய்ந்த குச்சியில் கணக்கில்லாத வித்துகள் உண்டாகும். மழைச்சாரலில் தெறித்து அடுத்த கிளைக்குப் போகும்.

ஆனால் வேம்பு லேசில் சாகாது. பல மரங்கள் மறுபடி துளிர்த்தன. ஆகவே கருகிய மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். காய்ந்த குச்சிகளை மட்டும் கழித்து எரித்துவிடுங்கள்.

கடற்பசுவின் கதை வேறு. அது தமிழ்நாட்டுக் கடலில், இராமேஸ்வரம் பக்கம் வாழ்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். கடலுக்கு அடியில் வளரும் புல்லை மேயும். மூச்சு விட மேலே வர வேண்டும். வலையில் சிக்கினால் வர முடியாது. மூச்சு முட்டிச் செத்துவிடும்.

அது சினையாக இருப்பது 13 மாதத்துக்கு மேல். பிறப்பது ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும்! பூஞ்சைக்கு ஒரு மழை போதும், தெருவையே வளைத்துவிடும். அதை ஒழிக்க நினைத்தாலும் நம்மால் முடியாது. கடற்பசுவையோ, ஒழிக்க நினைக்காமலே ஒழித்துவிடலாம். ஆண்டுக்குச் சில வலைகளில் சிக்கினாலே போதும்.

இந்தியாவில் சுமார் 240 கடற்பசுக்களே உள்ளன என்று 2022இல் சொன்னார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. மீனவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. கடற்புல் இருந்தால்தான் இறாலும் மீன்குஞ்சும் அங்கே ஒதுங்கி வளரும்.

கடற்பசுவைக் கொல்வது சட்டப்படி குற்றம். வலையில் சிக்கியதை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை கொடுக்கிறது. நல்ல வலையை அறுப்பது அவர்களுக்குப் பெரிய நஷ்டம். அப்படியும் அறுத்து விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், அடுத்த முறை பேசும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.