முதல்ல அந்தக் குரோமியத்தை அள்ளு!



நாடு அணுமின்சாரத்தைக் கைவிடணுமா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. "காவேரிப்பாக்கத்துக்காரனுக்கு எதுக்குய்யா கூடங்குளம்?"னு முன்வரிசையிலே ஒரு தம்பி முணுமுணுக்கிறார். காதுல விழுந்துச்சு தம்பி! முதல் பதில் உனக்குத்தான்.

நம்ம ஏரி யார் காலத்து ஏரி? மூணாம் நந்திவர்மன், பல்லவ ராஜா. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் பாலாத்துல தண்ணி வந்தா ஏரி நிறையுது, மதகைத் திறந்தா நெல்லு விளையுது. அணு உலையிலே எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள்ல புளூட்டோனியம்னு ஒண்ணு இருக்கு. அது பாதியாக் குறையவே 24,000 வருஷம்! ராஜா நமக்கு ஏரியை விட்டுட்டுப் போனான். நாம பேரப்பிள்ளைங்களுக்கு எதை விட்டுட்டுப் போறோம்?

(கைதட்டல்)

கை தட்டினது போதும், ராணிப்பேட்டைக்கு வாங்க. சிப்காட்டுல தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை. தொண்ணூறுகள்ல பூட்டிட்டுப் போயிட்டாங்க. குரோமியக் கழிவு? ஒன்றரை லட்சம் டன்னுங்கிறான் ஒருத்தன், ரெண்டேகால் லட்சம்ங்கிறான் இன்னொருத்தன். எடை போட்டவன் இருக்கான், எடுத்துப் போட்டவனைக் காணோம்! பந்தி வெச்சவன் கையைக் கழுவிட்டுப் போயிட்டான், எச்சில் இலை முப்பது வருஷமா நம்ம திண்ணையிலே கிடக்குது.

இங்கே ஒரு பெரியவரைச் சொல்லணும். பேர் சொன்னா கோவிச்சுக்குவார். தன் கிணத்துத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சு ஒரு ஆபீசுக்குக் கொண்டுபோனார். மஞ்சளா இருக்கு, மஞ்சள் கரைச்ச மாதிரி. அதிகாரி பார்த்துட்டு, "மனு எங்கே?"ன்னார். பெரியவர் பாட்டிலை மேசையிலே வெச்சார்: "இதுதாங்கய்யா மனு. ஒரு வாய் குடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க!"

(பலத்த கைதட்டல்)

அந்த மனுஷன் எந்தக் கட்சியும் இல்லை. எந்தப் போஸ்டர்லயும் அவர் படம் இல்லை. அவர் மாதிரி ஜனங்களுக்காக நம்ம வேலூர்ப் பக்கத்துத் தோல் கழிவு வழக்குலதான் 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு: கெடுத்தவன்தான் காசு கொடுக்கணும். இந்தியாவுக்கே வழிகாட்டுன தீர்ப்பு. வழிகாட்டுன ஊரு வழி தெரியாம நிக்குது.

இப்ப கூடங்குளம். 1988-ல ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்து போட்டாங்க. 2011-ல ஃபுகுஷிமா அணு உலை வெடிச்சுது, இடிந்தகரையிலே மீனவ ஜனங்க கூடங்குளம் வேணாம்னு லூர்து மாதா கோயில் பந்தல்ல உட்கார்ந்தாங்க. பீடி சுத்துற பொம்பளைங்க, வலை பின்னுற பொம்பளைங்க. அவங்க மேல தேசத்துரோக வழக்கு!

அப்ப ஒரு வேடிக்கை நடந்துச்சு. 2011 செப்டம்பர்ல, ஜனங்க பயம் தீர்ற வரைக்கும் உலை வேலையை நிறுத்துங்கன்னு தமிழ்நாடு அமைச்சரவையிலே தீர்மானம். 2012 மார்ச் 18, சங்கரன்கோவில் இடைத்தேர்தல். ஓட்டுப் பெட்டிக்கு சீல் வெச்சாங்களா? மறுநாளே, 19-ம் தேதி, வேலையை ஆரம்பிங்கன்னு தீர்மானம்! ஒரு ராத்திரியிலே பயம் போயிடுச்சு! எதிர்ப்பக்கம் இருந்தவங்களும் சிரிக்க வேணாம். நீங்க அந்தப் பந்தல் பக்கம் எட்டிப் பார்க்கலை. இன்னைக்கு இங்கே வந்து சுற்றுச்சூழல் பேசுறாங்க சில பேர். பாலாத்து மணலை லாரியிலே ஏத்தினப்போ அந்தச் சுற்றுச்சூழல் எங்கே போச்சு? பேர் சொல்ல மாட்டேன்... நீங்களே சொல்றீங்க! சரி, சரி, விடுங்க. அவைத் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிட்டார்.

"அப்ப கரண்ட்டுக்கு எங்கே போறது?"ன்னு கேட்பான். நியாயமான கேள்விதான். 2012-ல பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாம வாணியம்பாடி, ஆம்பூர் பட்டறைகள்ல தோல் நாறிப் போனது எனக்கும் தெரியும். ஆனா நாடு முழுக்க அணுமின்சாரம் எவ்வளவு? நூத்துக்கு மூணு! தமிழ்நாட்டுக் காத்தாடி மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல நிக்குது. காத்து நின்னா? வெயில் இருக்கு. வேலூர் வெயிலைப் பத்தி யாராவது குறை சொல்ல முடியுமா? ராத்திரிக்குச் சேமிச்சு வெக்க செலவு பண்ணு, வேணாம்ங்கலை. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15-ல கடைசி மூணு உலையையும் மூடினான். அங்கே என்ன, இருட்டிலயா உட்கார்ந்திருக்கான்?

இன்னைக்கே சுவிட்சை அணைங்கன்னு நான் சொல்லலை. ஓடுறது வயசு முடியிற வரைக்கும் ஓடட்டும், புதுசு வேணாம். 2013-ல உச்ச நீதிமன்றம் கூடங்குளத்துக்கு அனுமதி கொடுத்தப்பவே, எரிஞ்ச எரிபொருளைத் தனியா வெக்க அஞ்சு வருஷத்துல இடம் கட்டுன்னுச்சு. அஞ்சு வருஷம் முடிஞ்சதும் இன்னும் நாலு வருஷம் வாய்தா வாங்கினாங்க. அதுக்குள்ள 3, 4, 5, 6-ன்னு புது உலைக்குக் கான்கிரீட் மட்டும் தாராளமாப் போகுது!

எனவே தலைவர் அவர்களே, ஒரே தீர்மானம். அறிவியல் மேல எங்களுக்குக் கோபம் இல்லை, அரசாங்கத்தோட வாக்குறுதி மேலதான் சந்தேகம். முப்பது வருஷக் குரோமியத்தை ராணிப்பேட்டையிலே அள்ளிக் காட்டு, 24,000 வருஷக் கணக்கை அப்புறம் பேசலாம். அந்தப் பெரியவர் கிணத்துல நல்ல தண்ணி ஊறின அன்னைக்கு இதே மேடையிலே வந்து நானே மறுபரிசீலனை பண்றேன். சம்மதம்னா கையைத் தூக்குங்க! தம்பி, முன்வரிசை தம்பி, உன் கையும் தூக்கு!